கொலுசு பட்டறைல உக்காந்துகிட்டே அத்வைதம் படிக்க எங்க ஆரம்பிக்கிறது

போன மாசம் மட்டும் மூணு பேரு கேட்டுட்டாங்க, அண்ணா அத்வைதம் படிக்கணும்னு ஆசையா இருக்கு, யூட்யூப்ல பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதுல இருந்து தொடங்குறதுன்னே புரியலன்னு. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொன்னா பாதி விட்டுப்போகுது, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் சாமியாரும் இல்ல பண்டிதரும் இல்லங்க. சேலம் செவ்வாய்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறை, 22 வருஷமா இதே பொழப்பு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரு பெரியவர் வீட்ல நடக்குற வேதாந்த வகுப்புக்கு 11 வருஷமா போய்ட்டு இருக்கேன். அங்க காதுல வாங்குனதும் அதை வெச்சு நான் செஞ்சு பாத்ததும் தான் இது.

முதல்ல என்ன செய்யப் போறோம்னு தெரிஞ்சுக்கணும். அத்வைதம்னா ரெண்டு இல்லைன்னு அர்த்தம். புதுசா போய் எதோடயும் கலக்கறது இல்ல, ஏற்கனவே பிரிஞ்சு இல்லாத ஒண்ணை பிரிஞ்சு இருக்குன்னு நெனச்சுட்டு இருக்கோம், அந்த நெனப்பை எடுக்கறது தான் மொத்த வேலையும். இருட்டுல கயிறை பாம்புன்னு பயந்தவனுக்கு கம்பு எதுக்கு, வெளிச்சம் வந்தா போதும். இது புரியாம தான் நிறைய பேரு கண்ணை மூடி உக்காந்து ஏதாவது ஒளி தெரியுமா, உடம்பு லேசாகுமான்னு மாசக்கணக்குல காத்திருக்காங்க. தெரிஞ்சாலும் அது வந்துட்டு போயிடும், வந்துட்டு போறதை நித்தியம்னு எந்த உபநிஷத்தும் சொல்லல.

சரி, முதல் படி. இங்க தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா எல்லாரும் தாண்டி குதிக்கிற இடம் இது தான், நானும் குதிச்சேன். வகுப்புக்கு போக ஆரம்பிச்ச முதல் வருஷம், ஆடி மாசம், ஊரே கோட்டை மாரியம்மன் பண்டிகைல இருக்கு, எங்கம்மா கூழ் ஊத்தணும் கேழ்வரகு மாவு வாங்கிட்டு வா கண்ணுன்னாங்க. நான் பெரிய ஞானி மாதிரி இதெல்லாம் மாயைம்மா, எல்லாமா இருக்கற அந்த ஒண்ணு, பிரம்மம், அதுக்கு எதுக்கு கூழுன்னு சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல, அவங்களே பையை எடுத்துட்டு கடைக்கு நடந்து போனாங்க, முட்டி வலியோட. அந்த வாரம் பெரியவர் கிட்ட இதை சொன்னப்ப அவர் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் சொன்னாரு, கண்ணு, வேதம் கடைசில சொன்னதை நீ முதல்ல எடுத்துகிட்ட, முதல்ல சொன்னதை எடுக்கவே இல்ல. அன்னைக்கு தான் சாதன சதுஷ்டயம்ங்கற வார்த்தையை நான் உண்மையா காது குடுத்து கேட்டேன்.

சதுஷ்டயம்னா நாலு. விவேகம், வைராக்கியம், சமம் தமம்னு போற ஆறு சேர்ந்த ஒரு தொகுப்பு, முமுக்ஷுத்துவம். சங்கரர் பேர்ல வழங்குற தத்துவ போதம்னு ஒரு சின்ன நூல், அதுலயே முதல்ல இதை தான் விளக்கும். விவேகம்னா எது நிலைக்கும் எது நிலைக்காதுன்னு பிரிச்சு பாக்கறது. இதை பயிற்சியா பண்ண ஒரு நோட்டு போதும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இன்னைக்கு எதுக்காக ரொம்ப சந்தோஷப்பட்டேன், எதுக்காக ரொம்ப கோபப்பட்டேன், இது ரெண்டும் போன வருஷம் இதே தேதில இருந்துச்சா, அடுத்த வருஷம் இருக்குமான்னு ரெண்டு வரி எழுதுங்க. ஒரு மாசம் எழுதுனாலே உங்களுக்கு தெரிய ஆரம்பிக்கும். வைராக்கியம்னா வீட்டை விட்டு ஓடறது கிடையாது, கீதை 13ம் அத்தியாயத்துல ஞானத்துக்கு சாதனமா குணங்களை வரிசையா சொல்லும், கர்வம் இல்லாம இருக்கறதுல ஆரம்பிச்சு, அதுல மனைவி மக்கள் வீடு இதுங்க மேல பிசின் மாதிரி ஒட்டிக்காம இருன்னு தான் வரும், அவங்களை கவனிக்காதேன்னு வராது.

ஆறுல சமம் மனசை அடக்கறது, தமம் கண்ணு காது நாக்கை அடக்கறது. எனக்கு தமம்னா காலைல எந்திரிச்சதும் போனை தொடாம இருக்கறது, வேற ஒண்ணும் இல்ல, அது ஒண்ணே ஆறு மாசம் ஆச்சு. உபரமம்னு ஒண்ணு வரும், அதுக்கு தத்துவ போதம் சொல்ற அர்த்தம் என்ன தெரியுமாங்க, தன்னோட கடமையை செய்யறது தான் உபரமம்னு. அம்மாவுக்கு மாவு வாங்கிக் குடுக்கறது தான் எனக்கு வேதாந்தப் பயிற்சியா இருந்திருக்கணும், நான் அதை வேதாந்தத்துக்கு எதிரின்னு நெனச்சேன். திதிக்ஷைன்னா வெயிலு குளிரு, சுகம் துக்கம் எல்லாத்தையும் புலம்பாம தாங்கறது, சித்திரை மாசத்துல உருக்கு அடுப்பு முன்னாடி உக்காந்து பாருங்க, இந்த பாடம் தானா நடக்கும். சிரத்தை குரு வாக்குலயும் சாஸ்திரத்துலயும் நம்பிக்கை, சமாதானம் மனசு ஒரே இடத்துல நிக்கிறது. முமுக்ஷுத்துவம் விடுதலை வேணும்ங்கற தவிப்பு. இந்த நாலும் முழுசா வந்த பிறகு தான் புஸ்தகத்தை தொடணும்னு இல்ல, ஆனா இதுக்கான முயற்சியே இல்லாம புஸ்தகத்தை மட்டும் தொட்டா வாய் தான் வளரும்.

மனசு சுத்தமாக கீதை சொல்ற வழி கர்மயோகம். அதை எப்படி பண்றதுன்னு எங்க தொழில்லயே சொல்றேன். 80 டச் கொலுசுன்னா நூத்துக்கு 80 பங்கு வெள்ளி, அப்படி சொல்லிட்டு 75ல உருக்குனா வாங்குறவங்களுக்கு கண்ணுக்கு தெரியாது. தெரியாத இடத்துல ஒழுங்கா செய்யறதும், அதுக்கு வர்ற லாபமோ நஷ்டமோ ஈஸ்வரன் குடுத்த பிரசாதம்னு வாங்கிக்கறதும் தான் கர்மயோகம். நீங்க தறி ஓட்டுனாலும் ஜவ்வரிசி ஆலைல இருந்தாலும் கம்ப்யூட்டர்ல உக்காந்தாலும் உங்க வேலைலயும் இப்படி யாருக்கும் தெரியாத ஒரு இடம் இருக்கும், அங்க ஆரம்பிங்க.

அடுத்தது குரு. முண்டக உபநிஷத்து சொல்லுது, கர்மத்தால சம்பாதிச்ச உலகங்களை எல்லாம் சோதிச்சுப் பாத்துட்டு, கைல சமித்தோட, அதாவது ஹோமத்துக்கான குச்சியோட, குருகிட்ட போ, அவர் சாஸ்திரம் படிச்சவராவும் இருக்கணும் பிரம்மத்துல நிலைச்சவராவும் இருக்கணும்னு. ஏன் புஸ்தகம் மட்டும் பத்தாது? பத்து பேரு ஆத்தை கடந்த கதை எல்லாருக்கும் தெரியும், கரையேறி எண்ணுனவன் தன்னை விட்டுட்டு எண்ணி ஒம்போதுன்னு அழுதான். அவனுக்கு தேவைப்பட்டது இன்னொருத்தர் வாயில இருந்து வர்ற ஒரே வார்த்தை, பத்தாவது ஆளு நீ தான்டான்னு. தேடுற பொருள் தூரத்துல இருந்தா வார்த்தை பத்தாது, நடந்து போகணும். தேடுறவனே தான் அந்த பொருள்னா வார்த்தையே போதும், ஆனா சொல்ல ஆள் வேணும். ஒருத்தரை குருன்னு ஏத்துக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கச் சொல்றது இது தான்: ஒரு நூலை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா நடத்துறாரா, சந்தேகம் கேட்டா கோபப்படாம பதில் சொல்றாரா. மூணு நாள்ல அனுபவம் வாங்கித் தரேன்னு சொல்லி காசு கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க. கீதை 4ம் அத்தியாயத்துல பணிவு, கேள்வி, சேவை மூணும் வேணும்னு இருக்கு, நடுவுல இருக்கற கேள்வியை யாரும் மறக்க வேணாம்.

வரிசைன்னு கேட்டா நான் சொல்றது: தத்துவ போதம், அப்புறம் கீதைல 2ம் அத்தியாயமும் 13ம் அத்தியாயமும். சமஸ்கிருதம் வரலன்னு கவலைப்பட வேணாம், தாண்டவராய சுவாமிகள் பாடுன கைவல்ய நவநீதம் நம்ம தமிழ்லயே இருக்கு, தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல்னு ரெண்டு படலம், குருவும் சீடனும் பேசுற மாதிரியே போகும், ரெண்டாவது படலத்துல நீங்க கேக்க நெனச்ச கேள்வி எல்லாம் சீடன் கேட்டுடுவான். அதுக்கப்புறம் உபநிஷத்துங்க, கேனம், கடம், முண்டகம், அப்புறம் சாந்தோக்கியம் 6ம் அத்தியாயம். மாண்டூக்கிய உபநிஷத்தை கடைசில வைங்க, 12 மந்திரம் தான்னு பாத்து சின்னதுன்னு முதல்ல எடுக்கறாங்க, சங்கரருக்கு முந்தின அத்வைத ஆசிரியர் கௌடபாதர் அதுக்கு 215 காரிகை, அதாவது விளக்கச் செய்யுள், எழுதியிருக்காருன்னா அதோட கனம் புரியும்.

சாந்தோக்கியம் 6ம் அத்தியாயம் மட்டும் நான் கொஞ்சம் விரிச்சு சொல்றேன், ஏன்னா அது எங்க பட்டறைல நடந்த மாதிரியே இருக்கும் எனக்கு. சுவேதகேது 12 வயசுல குருகுலம் போய் 24 வயசுல எல்லா வேதமும் படிச்சுட்டு தலைக்கனத்தோட வீட்டுக்கு வரான். அப்பா உத்தாலகர் கேக்கறாரு, எதை தெரிஞ்சுகிட்டா எல்லாம் தெரிஞ்சதா ஆகுமோ அதை கேட்டியாப்பா? அது எப்படி முடியும்னு இவன் முழிக்க, அவர் மூணு உதாரணம் குடுக்கறாரு. ஒரு மண்ணு உருண்டையை தெரிஞ்சா மண்ணால ஆன எல்லாம் தெரிஞ்சுடும், ஒரு தங்கக்கட்டியை தெரிஞ்சா தங்கத்தால ஆனது எல்லாம், ஒரு நகவெட்டியை தெரிஞ்சா இரும்பால ஆனது எல்லாம். மாறுன வடிவம் வெறும் பேச்சுல நிக்கிற பேரு, மண்ணுங்கறது தான் சத்தியம்.

இதை வகுப்புல கேட்டுட்டு மறுநாள் திங்கக்கிழமை பட்டறைக்கு வந்தேன், பழைய வெள்ளி உருக்குற நாளு. ஒரு குழந்தையோட சலங்கை கொலுசு, யாரோ ஒரு பாட்டியோட தண்டை, ஒத்தை மெட்டி, உடைஞ்ச குங்குமச்சிமிழ், எல்லாத்தையும் எடை போட்டு சீட்டுல எழுதி மூசைல, அதாவது உருக்குற மண் கிண்ணத்துல போட்டு, அழுக்கை பிரிக்கிற வெங்காரம் தூவி தீயை ஏத்துனேன். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேணும், உருகுற வரைக்கும் ஒண்ணும் நடக்காத மாதிரியே இருக்கும், முதல்ல அழுக்கு கறுத்து புகையும், அப்புறம் சலங்கையோட ஓரம் மழுங்கும், தண்டை நடுவுல தொய்யும், திடீர்னு ஒரு நொடில எல்லாம் படுத்துடும், அப்புறம் உள்ள ஒரே ஒரு முட்டை, கண்ணாடி மாதிரி மினுக்கிட்டு உருளும். அதுல எது பாட்டியோடது எது குழந்தையோடதுன்னு யாராலயும் காட்ட முடியாது. ஆற வெச்சு எடை போட்டேன். அழுக்கும் பொடியும் போக வர வேண்டிய எடை அப்படியே இருந்துச்சு. தராசை பாத்துட்டே நின்னுட்டேன், கொலுசுங்கறது போயிடுச்சு, தண்டைங்கறது போயிடுச்சு, ஆனா தராசுல ஒரு மில்லி கூட குறையல, அப்ப கொலுசுங்கற பேருக்கும் வடிவத்துக்கும் தனியா எடையே கிடையாது, இத்தனை வருஷமும் நான் நிறுத்தது எல்லாம் வெள்ளியை மட்டும் தான். இன்னொன்னும் கவனிச்சேன், கொலுசு வெள்ளியாகறதுக்கு உருக்க வேண்டிய அவசியமே இல்ல, கால்ல போட்டு ஆடும்போதே அது வெள்ளி தான். உத்தாலகர் மகன்கிட்ட தத் த்வம் அஸி, அது நீயா இருக்கன்னு அந்த அத்தியாயத்துல 9 தடவை சொல்றாரு, நீ அதுவா ஆகப்போறன்னு ஒரு தடவை கூட சொல்லல.

இப்படி கேக்கறது சிரவணம். கேட்டதை மடக்கி மடக்கி யோசிச்சு சந்தேகம் போற வரைக்கும் விடாம இருக்கறது மனனம், சந்தேகம் போனதுல நிலைச்சு இருக்கறது நிதித்தியாசனம். பிருகதாரண்யகத்துல யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயிக்கு சொல்ற வரிசை இது. மனனத்துக்கு தனியா ஒரு நோட்டு போடுங்க, இடது பக்கம் சந்தேகம், வலது பக்கம் காலியா விடுங்க. நான் எழுதுன முதல் சந்தேகம், எல்லாம் ஒண்ணுன்னா உங்களுக்கு பல்லு வலிச்சா எனக்கு ஏன் வலிக்கல? வலது பக்கம் நிரம்ப எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ஆத்மா ஒண்ணுன்னா உடம்பு ஒண்ணுன்னு அர்த்தம் இல்ல, வலி மனசுக்கு தெரியுது, மனசு பல, எல்லா மனசையும் விளங்க வைக்கிற அறிவு மட்டும் ஒண்ணு. அதே மாதிரி வியவகாரம், அதாவது அன்றாட நடப்பு, வேற, பாரமார்த்திகம், அதாவது முடிவான உண்மை, வேற, வெள்ளி ஒண்ணு தான்னு தெரிஞ்சவனும் மெட்டி கேட்டவங்களுக்கு கொலுசை குடுக்க மாட்டான், கூலிக் கணக்கை எழுதாம விட மாட்டான்.

துவைதம் விசிஷ்டாத்வைதம்னு வேதாந்தத்துக்கு வேற விதமா அர்த்தம் சொல்ற வழிகளை படிச்சவங்களோட வாதத்துக்கு நிக்காதீங்க. கௌடபாதரே சொல்றாரு, துவைதிகள் தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கறாங்க, அத்வைதத்துக்கு அவங்களோட விரோதமே இல்லைன்னு. ஈஸ்வரன் அருளால தான் மனுசனுக்கு அத்வைத நாட்டமே வருதுன்னு அவதூத கீதை முதல் சுலோகத்துலயே இருக்கு, அதனால கோயிலை விட்டுடாதீங்க. நான் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏற்காடு மேல சேர்வராயன் கோயிலுக்கு போயிடுவேன், உச்சில குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும், நல்லா குனிஞ்சு தான் உள்ள போகணும், எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் குனியணும். உடையாப்பட்டி ஸ்கந்தாஸ்ரமமும் நல்ல அமைதியான இடம், அதை உருவாக்குன சாந்தானந்த சுவாமிகளோட கந்த குரு கவசத்தை வாய்விட்டு படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க. ஒரு நாள் லீவு கிடைச்சா கரூர் பக்கம் நெரூர்ல சதாசிவ பிரம்மேந்திரர் சமாதி, சேலத்துல இருந்து நாமக்கல் வழியா கரூருக்கு ரயிலே இருக்கு.

நிதித்தியாசனத்துக்கு வருவோம். காலைல 20 நிமிஷம் போதும், ஆனா தினமும். கண்ணு பாக்குது, உருவம் பாக்கப்படுது. கண்ணு மங்கலா இருக்கா தெளிவா இருக்கான்னு மனசுக்கு தெரியுது, அப்ப கண்ணும் பாக்கப்படுற பொருள் தான். மனசு கலங்கியிருக்கா தெளிஞ்சிருக்கான்னும் தெரியுதே, அது யாருக்கு தெரியுது? அந்த தெரியறதை இன்னொன்னால பாக்க முடியாது, அதுவா தான் இருக்க முடியும். இதை நான் ஏற்காடு பகோடா பாயிண்ட்ல உக்காந்து பழகுனேன், மார்கழி காலைல பனி மூடி எதுவுமே தெரியாது, சரி எதுவும் தெரியலங்கறது தெரியுதேன்னு அங்கயே நிப்பேன். எண்ணம் வந்தா ரமணர் நான் யார்ல சொன்ன மாதிரி இது யாருக்கு வந்துச்சுன்னு கேளுங்க, எனக்குன்னு பதில் வரும், அந்த நான் யாருன்னு திரும்புங்க. பதிலை வார்த்தையா எதிர்பாக்காதீங்க. ராத்திரிக்கு மாண்டூக்கியம் சொல்ற விசாரணை, விழிப்புல ஒரு உலகம், கனவுல ஒரு உலகம், ஆழ்ந்த தூக்கத்துல ரெண்டும் இல்ல, ஆனா காலைல எந்திரிச்சு நல்லா தூங்கினேன் ஒண்ணும் தெரியலன்னு சொல்ற நீங்க மூணுலயும் இருந்திருக்கீங்க.

உக்காரும்போது வர்ற இடைஞ்சலுக்கும் கௌடபாதர் காரிகைல மருந்து இருக்கு. தூக்கம் சொக்குனா எழுப்பு, மனசு ஓடுனா அமைதிப்படுத்து, உள்ள ஆசை மறைஞ்சு கிடந்து இழுத்தா அது இன்னதுன்னு கண்டுக்கோ, சமமா நின்னுட்டா அசைக்காதே, அங்க வர்ற சுகத்தை ருசிச்சுட்டு உக்காந்துடாதே. கடைசி ஒண்ணு ரொம்ப முக்கியம், எனக்கு நல்லா உக்காந்த நாளைக்கு மறுநாள் தான் பட்டறைல கோபம் ஜாஸ்தியா வரும், நேத்து சுகத்தை இன்னைக்கு யாரோ கெடுக்கறாங்கன்னு. அவசரப்படறவங்களுக்கும் ஒரு வரி வெச்சிருக்காரு, தர்ப்பைப் புல்லு நுனியால ஒவ்வொரு சொட்டா கடலை இறைக்கிற மாதிரி, சலிக்காம மனசை பழக்கணும்னு.

முன்னேறுறோமான்னு பாக்க ஒளி, சத்தம் எதையும் தேட வேணாம். கீதை 6ம் அத்தியாயத்துல ஒரு அளவுகோல் இருக்கு, அடுத்தவன் சுகத்தையும் துக்கத்தையும் தன்னோடதை பாக்கற மாதிரியே பாக்கறவன் உயர்ந்த யோகின்னு. வேலைக்கு வர்ற பையன் பத்தவைக்கும்போது கைய சுட்டுகிட்டா உங்களுக்கு முதல்ல என்ன தோணுது, பொருள் வீணாப்போச்சேன்னா, கை வலிக்குமேன்னா? நான் இந்த ஒண்ணை மட்டும் தான் நோட்டுல குறிச்சு வெச்சுட்டு வரேன்.

இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு உத்தாலகர் மகனுக்கு குடுத்த வேலையையே குடுக்கறேன். ராத்திரி ஒரு சொம்பு தண்ணில ஒரு கட்டி உப்பு போட்டு வைங்க, தூள் உப்பு வேணாம், கல்லுப்பு, கைல எடுத்து பாத்துட்டு போடணும். காலைல எந்திரிச்சு போன் தொடறதுக்கு முன்னாடி, நேத்து போட்ட உப்பை வெளிய எடுங்க பாப்போம். கிடைக்காது. மேலாப்புல ஒரு வாய் குடிங்க, பாதியை கொட்டிட்டு ஒரு வாய், அடியில ஒரு வாய். அப்புறம் சாந்தோக்கியம் 6ம் அத்தியாயம் 13ம் கண்டத்தை, அதாவது 13ம் பகுதியை, தமிழ் உரையோட எடுத்து படிங்க, அந்த உப்புக் கரிப்பு நாக்குல இருக்கும்போதே படிக்கணும்.